சூட்டோடு கடலில் இறக்கிய ட்ரெயிலர்

தர்மபுரம் தாண்டி முரசுமோட்டைக்குக் கிட்ட வரும்போதுதான் அந்த மணம் மூக்கில் ஏறியது. எரிந்த எண்ணெயும் சூடான இரும்பும் கலந்த மணம். 2019 நவம்பர், பின்னேரம் ஐந்தரை மணி. மச்சான் கெப் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். பின்னால் ட்ரெயிலரில் என் பதினெட்டரை அடி பைபர் படகு. "மச்சான், உங்கட கிளட்ச் எரியுதோ?" என்று கேட்டேன். அவர் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வண்டியை வீதிக்கரையில் ஒதுக்கினார். ட்ரெயிலரின் இடப்பக்கச் சில்லு, களைத்த மாடு காலை அகட்டி நிற்பதுபோல் சரிந்து நின்றது. சில்லின் நடுவில் பெயரிங் இருக்கும் குடமான ஹப்பிலிருந்து மெல்லிய புகை வந்துகொண்டிருந்தது.

கையில் இருந்த போத்தல் தண்ணீரை ஊற்றப் போனேன். நல்லவேளை, மச்சான் தடுத்தார். அந்தச் சூட்டில் தண்ணீர் பட்டால் இரும்பு வெடிக்கலாம், அச்சு முறுகலாம். தானாக ஆறட்டும் என்று வயல் வரம்பில் குந்திக்கொண்டோம். காலபோக வயல்கள் பச்சையாக நின்றன. லாண்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) வந்த ஒரு வயதான ஐயா நின்று பார்த்தார். சில்லை ஒருதரம் காலால் தள்ளினார்.

"தம்பி, இதுக்குக் கடைசியா எப்ப கிறீஸ் வைச்சனீங்கள்?"

எனக்குப் பதில் இல்லை. ட்ரெயிலரை வாங்கியது 2016இல். வாங்கிய நாளிலிருந்து நான் அந்த ஹப்பைத் திறந்ததே இல்லை. எஞ்சினுக்கு மாதம் மாதம் பிளக் கழற்றிப் பார்க்கிறவன், வலையில் ஒரு கண் அறுந்தால் அன்றைக்கே பொத்துகிறவன். ட்ரெயிலர் மட்டும் யாரோ வீட்டுப் பிள்ளை மாதிரி வெயிலிலும் மழையிலும் கிடந்தது. அன்றிரவு ஐயாவின் வளவிலேயே படகோடு அதை விட்டுவிட்டுப் போனோம். அவருடைய மனைவி தேத்தண்ணி தந்து, "கடலுக்குள்ள நிண்டு போயிருந்தா என்ன செய்வியள்?" என்று வேறு கேட்டார். கடலில் நிற்கிற எஞ்சினுக்கு என்னிடம் வழி உண்டு. வீதியில் நிற்கிற சில்லுக்குத்தான் இல்லை.

நான் ஏன் படகை வீதியில் இழுத்துக்கொண்டு திரிகிறேன் என்று சொல்ல வேண்டும். வீடு தண்ணீரூற்றில். தொழில் முல்லைத்தீவுக் கரையில். வாடைக்காற்று பிறந்தால் எங்கள் பக்கத்துக் கடல் பொங்கிவிடும். கார்த்திகை, மார்கழி, தையில் சிறு படகு வைத்திருப்பவன் கரையில் இருந்து வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். மனைவியின் ஊர் நாச்சிக்குடா. அது மேற்குக் கரை, அந்த மாதங்களில் அங்கே கடல் எங்களுடையதைவிட அடக்கமாக இருக்கும். ஆகவே வாடை தொடங்கும்போது படகை வட்டுவாகல் பாலம் வழியாகக் கொண்டுபோய், பரந்தன், பூநகரி தாண்டி ஏ32 வீதியால் போய் நாச்சிக்குடாவில் இறக்குவேன். மாசி, பங்குனியில் திருப்பி இழுப்பேன். இடையில் நாளாந்தம் கரையில் ஏற்றி இறக்கும் வேலையும் அதே ட்ரெயிலருக்குத்தான். தென்னங்குற்றி போட்டு, பத்துப் பேர் தோள் கொடுத்துப் படகு இழுத்த காலத்தில் இந்தச் சிக்கல் ஒன்றும் இல்லை. இப்போது பத்துப் பேரைச் சேர்ப்பதுதான் சிக்கல்.

மறுநாள் காலை ஜாக் அடித்து ஹப்பைக் கழற்றினோம். உள்ளே இருந்த கிறீஸின் நிறம் பால்தேத்தண்ணி. அந்த நிறத்தை மறக்காதீர்கள். கிறீஸ் தேத்தண்ணி நிறமாகிவிட்டது என்றால் தண்ணீர் உள்ளே போய் அதனோடு கலந்துவிட்டது என்று அர்த்தம். உள்பக்கப் பெயரிங்கின் உருளைகள் பாதி உதிர்ந்து, அவற்றைப் பிடித்திருக்கும் கூடு கிழிந்து கிடந்தது. மிச்சமிருந்த உருளைகளில் நீலம் ஓடியிருந்தது. அது சூடேறி வெந்த அடையாளம். வலப்பக்கத்தையும் திறந்தோம். அது ஓடத்தான் செய்தது. ஆனால் அங்கேயும் பால்தேத்தண்ணிதான். உருளைகளில் ஊசிமுனைப் புள்ளிகளாகத் துரு.

தண்ணீர் எப்படிப் போனது? ஹப்பின் பின்பக்கத்தை அடைக்கும் ரப்பர் வளையமான சீல் பழசு என்பது ஒரு காரணம். பெரிய காரணத்தைப் பரந்தனில் ட்ராக்டர் திருத்துகிற ஒரு அண்ணைதான் விளங்கப்படுத்தினார். வீதியில் ஓடி வரும்போது ஹப் சூடாகும், உள்ளே இருக்கும் காற்று விரியும். அந்தச் சூட்டோடு நேரே கடலில் இறக்கினால் ஹப் சட்டென்று குளிரும், உள்ளே காற்று சுருங்கும். சுருங்கிய காற்று வெளியே இருப்பதை இழுக்கும். வெளியே இருப்பது உப்புத் தண்ணீர். சீலின் ரப்பர் உதடு வெளியே தள்ளுவதற்கு ஓரளவு தாங்கும், உள்ளே உறிஞ்சுவதைத் தாங்காது. நான் மூன்று வருடமாகச் செய்தது அதுவேதான். நாச்சிக்குடாவுக்கு வந்து சேர்ந்ததும் இருட்டுமுன் இறக்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில், வந்த சூட்டோடு தண்ணீருக்குள் பின்னால் தள்ளிவிடுவேன். அந்தப் பக்கக் கடல் ஆழம் குறைந்த கடல் வேறு. படகு மிதக்க வேண்டும் என்றால் ட்ரெயிலரை வெகுதூரம் உள்ளே கொண்டுபோக வேண்டும். அச்சு முழுதாக மூழ்கி, கால்மணி நேரம் ஊறும்.

இப்போது கரைக்கு வந்தால் முதலில் அரைமணி நேரம் ஒன்றும் செய்வதில்லை. ஒன்றும் இல்லை என்றால், வலையை அடுக்குவேன், எஞ்சினைப் பூட்டுவேன், மாமி வீட்டில் சோறு தின்பேன். ஹப்பில் உள்ளங்கையை வைத்து, உடம்புச் சூட்டுக்குக் கிட்ட வந்த பிறகுதான் தண்ணீர்.

சரி, பெயரிங் கதைக்கு வருவோம். பழைய பெயரிங்கைத் துடைத்து அதிலிருந்த இலக்கத்தைப் படித்தோம். எல் 44649 அல்லது 44643, கடைசி இலக்கத்தைத் துரு தின்றிருந்தது. ஒரு கடையில் 44643 இருந்தது. வெளி வளையத்தை ஹப்புக்குள் வைத்துப் பார்த்தோம், கச்சிதமாகப் பொருந்தியது. காசைக் கொடுத்து நாலு வாங்கிக்கொண்டு வந்தால், உள்வளையம் அச்சில் ஏறவே மாட்டேன் என்கிறது. பிறகுதான் தெரிந்தது: இரண்டுக்கும் வெளி வளையம் ஒன்றுதான், எல் 44610. உள்துளைதான் வேறு. 43க்கு 25.4 மில்லிமீற்றர், 49க்கு 26.99. எனக்கு நடந்தது நல்ல பக்கத்துப் பிழை. பெரியது சிறிய அச்சில் ஏறியிருந்தால் பொருந்தியது போலவே தோன்றி, உள்வளையம் அச்சோடு சேர்ந்து நிற்காமல் தானும் சுழன்று, அச்சையே தின்றிருக்கும். என் ட்ரெயிலரின் அச்சு இறக்குமதியான அங்குல அளவு அச்சு. எங்கள் பக்கத்தில் கட்டுகிற ட்ரெயிலர்களில் பாதிக்கு ஏதோ பழைய வானின் அச்சு இருக்கும், அதற்கு மில்லிமீற்றர் பெயரிங். ஆகவே இலக்கத்தை நம்பாதீர்கள், கடைக்காரரின் ஞாபகத்தையும் நம்பாதீர்கள். வேர்ணியர் அளவுகோல் கொண்டு அச்சை மூன்று இடத்தில் அளந்து எழுதி, அந்தத் துண்டைப் பேர்ஸில் வைத்திருங்கள். நான் ஒரு நாளும் இரண்டு பேருந்துக் காசும் கொடுத்து, யாழ்ப்பாணத்தில்தான் 49ஐ எடுத்தேன்.

வாங்கும்போது வெளி வளையத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும். பழைய வளையம் பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும் பழைய உருளைகளின் தடம் அதில் பதிந்திருக்கும். புதுப் பெயரிங்கைப் பழைய வளையத்தில் ஓடவிட்டால் அது சீக்கிரமே பழையதாகிவிடும். நான் அடுத்த பிரயாணத்துக்கென்று ஒரு முழு ஹப்பையே பெயரிங், சீல், கிறீஸ் எல்லாம் பூட்டி ஒரு பிஸ்கட் பெட்டியில் போட்டுக் கெப்பின் பின்சீற்றில் வைத்திருக்கிறேன். வீதிக்கரையில் இருட்டில் வளையம் தட்டிக்கொண்டிருக்கிற வேலை இனி வேண்டாம்.

கிறீஸ் வைப்பதை நான் பிழையாகத்தான் பழகியிருந்தேன். பெயரிங்கின் மேலால் பூசிவிட்டு முடிந்தது என்று நினைப்பேன். உள்ளங்கையில் ஒரு உருண்டை கிறீஸை வைத்து, பெயரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும். உருளைகளுக்கு இடையால் மறுபக்கம் கிறீஸ் புழுப்புழுவாக வெளிவரும் வரைக்கும் விடக்கூடாது. ஒரு பெயரிங்குக்கு ஐந்து நிமிடம் ஆகும். கடலுக்குப் போகிற ட்ரெயிலருக்குத் தண்ணீரைத் தாங்குகிற மரைன் கிறீஸ்தான் வேண்டும். சாதாரணக் கிறீஸ் கழுவிக்கொண்டு போய்விடும். பழைய கிறீஸை மண்ணெண்ணெயில் முழுதாகக் கழுவி, காயவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும். வேறு வேறு வகைக் கிறீஸ் ஒன்றோடொன்று கலந்தால் இரண்டும் இளகி ஓடக்கூடும்.

ஹப்புக்குள் காற்றுக்கு அதிகம் இடம் விடாமல் நிரப்புவது நல்லது. காற்றுக் குறைந்தால் உறிஞ்சலும் குறையும். ஆனால் அதற்காகக் கிறீஸ் துப்பாக்கியை வைத்து நெருக்கித் தள்ளாதீர்கள். ஒருமுறை மச்சானின் மகன், பதின்மூன்று வயது, உற்சாகத்தில் தள்ளிய தள்ளில் பின்பக்கச் சீல் வெளியே வந்துவிட்டது. நாங்கள் கவனிக்கவில்லை. சில்லின் உட்புறம் முழுக்கக் கிறீஸ் தெறித்திருந்ததைப் பூநகரியில்தான் பார்த்தோம்.

நட் இறுக்குவதில்தான் வீதிக்கரை மெக்கானிக்மார் அதிகம் பிழை விடுகிறார்கள். எல்லா நட்டையும் இறுக்குவது போல இதையும் இறுக்கிவிடுகிறார்கள். சில்லைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பெயரிங் சரியாக உட்கார்ந்ததும் நட்டைத் தளர்த்திவிட வேண்டும். பிறகு விரலால் மட்டும் இறுக்கி, கொட்டர் பின் போடும் ஓட்டைக்கு நட் நேராக வரும் அளவுக்குத் தளர்த்தி அந்தப் பின்னைப் போட வேண்டும். சில்லின் மேலையும் கீழையும் பிடித்து ஆட்டினால் உணர முடியாத அளவு அசைவு இருக்கலாம், தட்டுகிற அளவு ஆட்டம் இருக்கக்கூடாது. கழற்றிய பழைய பின்னைத் திரும்பப் போடாதீர்கள். அது சில்லறைச் சாமான்தான், ஆனால் சில்லை அச்சில் பிடித்து வைத்திருப்பது அதுதான்.

இவ்வளவும் செய்த பிறகும் அடுத்த வருடம் இடப்பக்கத்தில் மறுபடியும் பால்தேத்தண்ணி. எனக்கு விசரே பிடித்துவிட்டது. ஆறவிட்டுத்தான் இறக்கினேன், புதுச் சீல், நல்ல கிறீஸ். சீலை மாற்றினேன். மூன்று மாதத்தில் அதே நிறம். ஒரு நாள் அச்சைத் துடைத்துவிட்டு நகத்தால் தடவியபோதுதான் பிடிபட்டது. சீலின் உதடு அச்சில் எங்கே உரசுமோ, சரியாக அந்த இடத்தில் துரு தின்று குழி விழுந்திருந்தது. உதடு எவ்வளவு புதிதாக இருந்தாலும் குழிக்குள்ளால் தண்ணீர் போகும். அரத்தாளால் தேய்த்தேன், போதவில்லை. கடைசியில் கிளிநொச்சியில் ஒரு லேத் கடையில் அந்த இடத்துக்கு மட்டும் துருப்பிடிக்காத உருக்கில் மெல்லிய வளையம் கடைந்து இறுக்கி ஏற்றித் தந்தார்கள். அதன் மேல் உதடு வழுவழுப்பாக உட்கார்ந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கக் கிறீஸ் கறுக்கிறது, வெளுக்கவில்லை. சீல் திரும்பத் திரும்பப் போகிறது என்றால் சீலைத் திட்டாதீர்கள், அது உட்காரும் இடத்தைப் பாருங்கள்.

பாரம் வைப்பதைப் பற்றி அப்பு உயிரோடு இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பார். அவர் ஒட்டுசுட்டானிலிருந்து மாட்டு வண்டிலில் நெல் ஏற்றியவர். வண்டிலில் பின்பாரம் கூடினால் நுகம் மேலே எழும்பி மாட்டின் கழுத்தை நெரிக்கும், முன்பாரம் கூடினால் மாடு முழங்கால் மடிக்கும். மூட்டை ஏற்றும்போதே ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்ப்பார். நான் அவருடைய பேரன், ஆனால் மறந்துவிட்டேன். ஒரு மாசி மாதம் நாச்சிக்குடாவிலிருந்து திரும்பும்போது, எஞ்சின் பின்பலகையில், வலை பின்னால், ஐஸ் பெட்டியும் பின்னால். ஏ32 நேர்வீதியில் அறுபதைத் தொட்டதும் ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கியது. முதலில் மெதுவாக, பிறகு கெப்பின் பின்புறத்தையே பிடித்து இழுக்கிற மாதிரி. மச்சான் பிரேக்கை மிதிக்கவில்லை. காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டே வேகத்தைத் தானாக இறங்கவிட்டார். மிதித்திருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனோ தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் நெல் நிறுக்கிற தராசை வாங்கி கெப்பில் பூட்டுகிற, ட்ரெயிலரின் முன் நாக்கின் கீழே வைத்தேன். படகும் எஞ்சினும் வலையும் ட்ரெயிலரும் சேர்ந்து ஒரு தொன்னுக்குக் கிட்ட வரும். அதில் ஏழிலிருந்து பத்து வீதம், அதாவது எழுபதிலிருந்து நூறு கிலோ, முன்னால் கெப்பின் கொழுக்கியில் அழுத்த வேண்டும். என்னுடையது முப்பது கிலோ கூட இல்லை. படகின் மூக்கை இழுத்துப் பிடிக்கும் வின்ச் கம்பத்தின் போல்ட்டுகளைக் கழற்றி அதை ஒரு சாண் முன்னால் நகர்த்திப் பூட்டினேன், படகு அந்த அளவு முன்னால் வந்தது. எஞ்சினைக் கழற்றிக் கெப்பில் ஏற்றினேன். எண்பது காட்டியது. அதற்குப் பிறகு வாலாட்டம் இல்லை.

கொழுக்கி உருண்டையையும் ஒருமுறை பாருங்கள். 50 மில்லிமீற்றர் உருண்டையும் உண்டு, ஒன்றே முக்காலே அரைக்கால் அங்குல உருண்டையும் உண்டு. பின்னது 47.6 மில்லிமீற்றர். அதன் மேல் ட்ரெயிலர் நாக்கிலுள்ள இரண்டு அங்குலக் கிண்ணத்தைப் பூட்டினால் பூட்டியதுபோல் இருக்கும், பள்ளத்தில் விழுந்தால் துள்ளிக் கழன்றுவிடும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் நாக்கின் கீழே குறுக்காகப் போடுவது அதற்காகத்தான். கழன்றால் நாக்கு சங்கிலியில் விழும், தாரில் குத்தாது.

மணலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நம் கரைக்காரருக்குத் தெரிந்ததுதான். ரயரில் காற்றைப் பாதியாக்கி, சில்லுக்குக் கீழே கிடுகோ பனைமட்டையோ போட்டு, இறக்குவதற்கு லாண்ட்மாஸ்டரைப் பிடிப்பது. காற்றைத் திருப்பி அடிக்காமல் வீதியில் ஏறாதீர்கள், அவ்வளவுதான்.

2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் வந்தது. திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறும் என்றார்கள். அந்த வருடம் நாச்சிக்குடாவுக்குப் போகப் பிந்திவிட்டேன். படகைக் கரையிலிருந்து இழுத்து வந்து வீட்டு வளவில் ட்ரெயிலரிலேயே விட்டு, நான்கு பக்கமும் கயிறு போட்டுப் பனைகளில் கட்டினேன். காற்றுக்குப் பயந்து செய்த வேலை. காற்று ஒன்றும் செய்யவில்லை, மழைதான் செய்தது. பின்பலகையில் தண்ணீர் வடியும் ஓட்டையை அடைத்திருக்கும் தக்கையைக் கழற்ற மறந்துவிட்டேன். விடிய எழும்பிப் பார்த்தால் படகு தொட்டி மாதிரி நிற்கிறது, இடப்பக்கம் சரிந்து. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. ஐந்து மீற்றர் நீளம், ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் மேலே அகலம், ஒரு சாணுக்கும் குறைவாகத் தண்ணீர் நின்றாலே அறுநூறு எழுநூறு கிலோ. ஸ்பிரிங் தகடுகளில் பெரியதான தாய்த்தகடு இரண்டாகப் போயிருந்தது. பார்த்தால் முறிந்த இடத்தில் பாதி பழைய துரு, பாதி புது இரும்பு. தகடுகளுக்கு இடையில் உப்பு இருந்து நெடுநாள் தின்றிருக்கிறது, மழை முடித்துவைத்தது. இப்போது படகு ட்ரெயிலரில் நிற்கும்போதெல்லாம் தக்கை என் சாவிக்கொத்தில் இருக்கும், நாக்கின் கீழே ஒரு குற்றி வைத்து மூக்கு உயர்ந்திருக்கும்.

அந்த ஸ்பிரிங்கை மாற்றும்போது சட்டத்தையும் தட்டிப் பார்த்தோம். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டு போனால் நல்ல இரும்பு மணி மாதிரிச் சொல்லும், உள்ளே துரு தின்ற இடம் 'டொக்' என்று சொல்லும். சதுரக் குழாய்கள் வெளியிலிருந்து அல்ல, உள்ளிருந்துதான் அழுகும். தண்ணீர் வழிந்துபோகக் குழாயின் அடியில் துளை இருக்கிறது. என்னுடையதில் இருந்த நான்கு துளைகளில் மூன்றைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது! உள்ளே கடல் தண்ணீர் மாதக்கணக்காக நின்றிருக்கிறது. இப்போது மாதம் ஒருமுறை கம்பி விட்டுக் குத்துவது என் மகளின் வேலை. குளவிக்கும் அவளுக்கும் நேரடிப் போர்.

அழுகிய துண்டை வெட்டிப் புதுத்துண்டு ஒட்ட வெல்டிங் செய்தவன் எனக்குத் தெரிந்த இளம் பெடியன். ட்ரெயிலர் நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்பு. நாகத்தைச் சுரண்டாமல் மேலாலேயே ஒட்டினான். வெள்ளைப் புகை மண்டியது. அன்றிரவு அவனுக்குக் குளிரும் காய்ச்சலும், வாயில் ஒரு இரும்புச் சுவை. டெங்கோ என்று வீட்டார் பயந்துவிட்டார்கள். மறுநாள் சரியாகிவிட்டது. நாகப் புகையைச் சுவாசித்தால் வரும் காய்ச்சல் அது. ஒட்டும் இடத்தில் இரண்டு மூன்று அங்குலத்துக்குக் கிரைண்டரால் நாகத்தை எடுத்துவிட்டு, காற்றுப் பக்கமாக நின்றுதான் ஒட்ட வேண்டும். ஒட்டி முடிந்ததும் அந்த இடத்துக்கு நாகப் பெயின்ற் அடிக்காவிட்டால் முதலில் துருப்பிடிப்பது அந்தத் தையல்தான்.

கழுவுவது எல்லாருக்கும் தெரியும், ஆனால் எதில் கழுவுவது? கரைக் கிணறுகளில் பல சவர். உப்பை உப்பால் கழுவிப் பயனில்லை. தண்ணீரூற்று பெயரிலேயே ஊற்று உள்ள ஊர், அந்த வகையில் நான் கொடுத்துவைத்தவன். உப்புக் காயுமுன் வீட்டுக்கு வந்து, ஸ்பிரிங் தகடுகளுக்கு இடையிலும் குழாய்களுக்கு உள்ளேயும் ஹோஸைவிட்டுக் கழுவுவேன். நாச்சிக்குடாவில் இருக்கும்போது இருபது லீற்றர் கான் இரண்டில் நல்ல தண்ணீர் கொண்டுபோவேன். அமுக்கத்தில் அடிக்கிற இயந்திரம் வைத்திருப்பவர்கள் அதைச் சீலுக்கு நேராகப் பிடிக்க வேண்டாம். உப்புத் தண்ணீருக்குப் பதிலாக நல்ல தண்ணீரை உள்ளே அனுப்புகிறீர்கள்.

லைற் எரியவில்லை என்று வயரை முழுதும் பிய்க்குமுன் ஏர்த் இணைப்பைப் பாருங்கள். பத்தில் எட்டு முறை அதுதான். ஏர்த்தைக் கொழுக்கி உருண்டையின் கிறீஸ் வழியாகப் போகவிடாமல், தனி வயராகக் கெப் வரைக்கும் கொண்டுபோனதோடு என் தலையிடி தீர்ந்தது. தண்ணீரில் இறக்குமுன் லைற் பிளக்கைக் கழற்றிவிடுவேன்.

ட்ரெயிலருக்கு மிக மோசமான வருடம் அது ஓடாமல் நின்ற வருடம், 2022. எரிபொருள் வரிசையில் நின்று நின்று மனுஷன் அலுத்துப்போன காலம். என் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுவது. ஓகஸ்ட் மாதம் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஒரே நாளில் ஏறியது. ஐந்து மாதம் படகு ட்ரெயிலரிலேயே நின்றது. கடைசியில் இழுக்கப் போனால் ரயர் இரண்டும் ஒரு பக்கம் தட்டையாகிப் பக்கச் சுவரில் வெடிப்புகள். மேற்பள்ளங்கள் ஆழமாகவே இருந்தன, ஆகவே நல்ல ரயர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருக்கிற நாலு இலக்கத்தைப் படித்தால் 1413. 2013இன் 14ஆவது கிழமையில் செய்தது. ஒன்பது வயது! ட்ரெயிலர் ரயர் தேய்ந்து சாவதில்லை, வெயிலில் காய்ந்து சாகும். ஐந்து ஆறு வருடம்தான் அதன் ஆயுள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரிங்கில் உருளைகள் ஒரே இடத்தில் நின்ற இடங்களில் கோடு கோடாகத் துரு. அதற்குப் பிறகு நீண்ட நாள் நிற்கப்போகிறது என்றால் அச்சின் கீழே பனங்குற்றி வைத்துச் சில்லைத் தரையிலிருந்து தூக்கிவிடுகிறேன். இரண்டு கிழமைக்கு ஒருமுறை கையால் சுற்றிவிட்டு, கத்துகிறதா என்று காது கொடுத்துக் கேட்பேன்.

பிரயாணத்தில் எங்களுக்கு இப்போது ஒரு பழக்கம். புறப்பட்டுப் பதினைந்து கிலோமீற்றரில் ஒருமுறை, பிறகு விசுவமடுவில், பிறகு பரந்தனில் நிற்போம். இறங்கி இரண்டு ஹப்பிலும் கை வைப்போம். வெதுவெதுப்பு என்றால் சரி. கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் அங்கேயே நிற்பதுதான். ஒன்று வெதுவெதுப்பு, மற்றது சூடு என்றாலும் ஏதோ தொடங்கிவிட்டது. சில்லு நட்டுகளையும் அப்போதே ஒரு இறுக்கு இறுக்குவோம். சில்லைக் கழற்றிப் பூட்டிய பிறகு முதல் நூறு கிலோமீற்றருக்குள் அவை கொஞ்சம் தளரும். முரசுமோட்டையில் அந்த ஐயாவின் வளவுக்கு முன்னால் ஹோர்ன் அடித்துவிட்டுப் போவோம். போனமுறை அவர் வாசலுக்கே வந்து, வணக்கம் சொல்லுமுன் குனிந்து ஹப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"இடப்பக்கம் கொஞ்சம் கூடச் சூடு, தம்பி."

எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து மறுபடி தொட்டேன், மச்சானும் தொட்டார். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஆனாலும் ஒரு சீலும் ஒரு டப்பா கிறீஸும் வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடல் இல்லை, இடப்பக்கத்தைக் கழற்றப்போகிறேன்.